ட்ரெக் காருக்கு கியர்பொக்ஸ், டிஃப் ஒயில் கூலிங்: மலைநாட்டுல இருந்து கட்டுறவங்களுக்கு

நம்ம பக்கம் ரேஸ் கார் கட்டுற பசங்க இஞ்சினுக்கு காசை அள்ளிக் கொட்டுறாங்க, கியர்பொக்ஸ், டிஃப் (டிஃபரென்ஷியல், ரெண்டு வீலுக்கும் சக்தியை பிரிச்சு கொடுக்கிற பல்லுப்பெட்டி) பக்கம் திரும்பியே பாக்குறதில்ல. அதுக்கு காரணம் இருக்கு. நுவரெலியா மாகஸ்தோட்ட ஹில் க்ளைம்ப் (மலை ஏறுற ரேஸ்) 1934ல இருந்து நடக்குது, ராதெல்லயும் அதே மாதிரிதான், ரெண்டுமே கொஞ்ச நேரத்துல முடியிற ஓட்டம், கியர் ஒயில் சூடாகுறதுக்குள்ள கார் மேல போய் நின்னுடும். அதுக்கு ஒயிலை ஆத்துற கூலர் தேவையே இல்ல. அதே காரை லொறில ஏத்தி கீழ களுத்துறை பக்கம் இருக்கிற கட்டுகுருந்தை ட்ரெக்குக்கு கொண்டு போய் லெப் மேல லெப் ஓட்டும்போதுதான் சீல் கசியும், மூணாவது கியர் கடிக்கும், டிஃப்ல இருந்து கருகின வாசம் வரும்.

நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு, அங்க காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு குறைவு, அதனால டர்போ இல்லாத இஞ்சின் பவரும் கிட்டத்தட்ட அவ்வளவு குறையும், காத்தும் குளிர். கீழ போனா முழு பவரும் வரும், காத்து 30 டிகிரிக்கு மேல நிக்கும். அதனால மேல எடுத்த ரீடிங்கை நம்பி கூலர் சைஸ் முடிவு பண்ணாதீங்க. கீழ உள்ள சூட்டுக்கு கட்டுங்க, மேல உள்ள குளிருக்கு அதை நிப்பாட்டி வைக்க ஒரு வழி வைங்க. மத்ததெல்லாம் இந்த ஒண்ணுல இருந்துதான் வருது.

முதல்ல அளந்து பாருங்க. கேசிங்ல ஒட்டுற வெப்ப ஸ்டிக்கர் ரொம்ப மலிவு, போன அதிகபட்ச சூட்டை கறுப்பாகி காட்டிடும். நல்லா செய்யணும்னா சென்சர் ஒண்ணு போட்டு டேஷ்ல மீட்டர் வைங்க, சென்சர் கூலருக்கு போற லைன்ல இருக்கணும், திரும்பி வர்ற லைன்ல வச்சா குளிர்ந்த ஒயிலை பாத்து ஏமாந்துடுவீங்க. 80ல இருந்து 110 டிகிரி வரைக்கும் நல்ல இடம், 120 தாண்டினா கவனிக்கணும், 130னா பிட்டுக்கு வாங்க. சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் அந்த சூட்டுல கட்டியாகி கசிய ஆரம்பிக்கும், சூடு தாங்குற விட்டன் சீல் கிடைச்சா பெட்டி பிரிச்சிருக்கும்போதே மாத்திடுங்க.

சிவிக், இன்டெக்ரா மாதிரி முன் வீல் இழுக்கிற காருன்னா டிஃப் கியர்பொக்ஸுக்குள்ளயே இருக்கு, ஒரே ஒயில், ஒரே சர்க்கிட் போதும். பின்னால டிஃப் இருக்கிற டொயோட்டா ஏஇ86, இல்லாட்டி லான்சர் எவோ மாதிரி நாலு வீலும் இழுக்கிற காருன்னா கதை வேற. பின் டிஃப்ல இருக்கிறது ஹைபொயிட் பல்லு, அது உருளுறதோட சேத்து வழுக்கவும் செய்யும், அங்கதான் சூடு பிறக்குது. லெப் முழுக்க சராசரியா 90 கிலோவாட் பின்னால போய் அதுல 4 சதவீதம் சூடா மாறினாலே 3.6 கிலோவாட், ரெண்டு கரண்ட் கேத்தல் விடாம கொதிக்கிற மாதிரி, ஒரு லீட்டர் சொச்சம் ஒயிலுக்குள்ள. பிளேட் டைப் எல்எஸ்டி (ஒரு வீல் மட்டும் சும்மா சுத்தாம பிடிக்கிற டிஃப்) போட்டிருந்தா இன்னும் கூடும். கியர்பொக்ஸையும் டிஃபையும் ஒரே கூலர்ல சேக்காதீங்க, ஒயிலும் வேற, ஒண்ணு உடைஞ்சா அதோட இரும்புத்தூள் மத்ததையும் சாகடிக்கும்.

கூலருக்கு முன்னாடி ஒயிலை சரி பண்ணுங்க. டிஃபுக்கு ஜிஎல்-5 (ஜிஎல்-4, ஜிஎல்-5 ரெண்டும் கியர் ஒயில் தரம்), சூடு கூடின காருக்கு கெட்டியான 75டபிள்யூ-140 பாக்கலாம். கியர்பொக்ஸுக்கு கம்பெனி ஜிஎல்-4 சொல்லியிருந்தா அதையே போடுங்க, சில ஜிஎல்-5 ஒயில்ல உள்ள மருந்து பித்தளை சின்க்ரோவை (கியர் மாத்தும்போது வேகத்தை சமமாக்குற வளையம்) தின்னுடும்.

இப்ப சர்க்கிட். டிஃப்ல இருந்து ஒயில் எடுக்கிற ஓட்டையை அடிமட்டத்துல போடாம கொஞ்சம் மேல போடுங்க, அடியில தூள் தங்கும். லேத் வேலை தெரிஞ்ச ஒரு பாஸ்கிட்ட கொடுத்து நிப்பிள் வெல்ட் பண்ணிக்கலாம், தேயிலை ஃபெக்டரி மெஷின் பாக்குற ஆக்களுக்கு இந்த வேலை தண்ணிபட்ட பாடு. அதுக்கடுத்து வலை ஃபில்டர், பிறகு பம்ப், பிறகு கூலர், திரும்பி டிஃபுக்கு. ஃபில்டர் இல்லாம பம்ப் போட்டா ஒரு சின்ன இரும்புத்துண்டு போதும் பம்ப் நிக்க. பம்ப் ஒயில் மட்டத்துக்கு கீழயோ சமமாவோ இருக்கணும், உறிஞ்சுற லைன் பெருசா இருக்கணும், ஏஎன்-10 சைஸ் ஹோஸ் நல்லது, திரும்புறதுக்கு ஏஎன்-8 போதும். திரும்பி வர்ற ஒயிலை பல்லு கடிச்சு விட்டு வெளிய வர்ற பக்கமா பீச்சி விடுங்க, சூடான பல்லு அங்கதான் நல்லா ஆறும்.

பம்ப் நிமிஷத்துக்கு 6 லீட்டர் தள்ளினா, மேல சொன்ன 3.6 கிலோவாட்டை எடுக்க கூலருக்குள்ள போற ஒயிலுக்கும் வர்ற ஒயிலுக்கும் 20 டிகிரி சுத்தி வித்தியாசம் வரணும். அதைவிட ரொம்ப குறைவா இருந்து சூடும் ஏறிக்கிட்டே போனா கூலருக்கு காத்து பத்தலன்னு அர்த்தம்.

நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம் தெர்மல் சுவிட்ச். காலையில நுவரெலியா குளிருக்கு கியர் ஒயில் தேன் மாதிரி நிக்கும், அப்ப பம்பை போட்டா திணறி ஃபியூஸ் போகும், இல்லாட்டி மோட்டர் எரியும். 90ல ஓன் ஆகி 80ல ஓஃப் ஆகுற சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் வைங்க, டேஷ்லயும் ஒரு கை சுவிட்ச் இருக்கட்டும், பிட்டுக்கு வந்து நிக்கும்போது ரெண்டு நிமிஷம் பம்ப் ஓட விடலாம்.

ஹோஸ் விஷயத்துல கவனம். ஜேசிபிக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் அடிச்சு கொடுக்கிற கடை டவுன்ல இருக்கும்தான், ஆனா சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸ் 100 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அதனால டெஃப்ளோன் உள்ள, வெளிய எவர்சில்வர் பின்னல் போட்டது கேளுங்க. சைலன்சர் பைப்புக்கும் ப்ரொப் ஷாஃப்டுக்கும் தள்ளி கிளிப் அடிங்க, பின் டயர்ல ஒயில் பட்டா கார் கையில நிக்காது.

கூலரை சும்மா காருக்கு அடியில தொங்க விட்டா பிரயோசனமில்ல. காத்து உள்ள வர்ற வாய் கூலர் முகத்துல கால்வாசியில இருந்து பாதி வரைக்கும் போதும், ஆனா டக்ட் ஓரமெல்லாம் அடைச்சிருக்கணும், வெளிய போக வழியும் இருக்கணும். அதே காரை தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கிரவல் ட்ரெக்குக்கும் கொண்டு போறதா இருந்தா முன்னால கம்பிவலை கட்டாயம். டிஃப் மூச்சு விடுற ப்ரீதர் ஹோஸை உயரமா ஏத்தி சின்ன கேச் டேங்க்ல விடுங்க, சூடான ஒயில் நுரைச்சு வெளிய தள்ளும்.

ஒயில் ஊத்தும்போது கூலரும் லைனும் எவ்வளவு குடிக்கும்னு கணக்குல எடுங்க. ஜெக்ல தூக்கி ஊத்தி, ஒயில் கொஞ்சம் சூடானதும் பம்பை ஒரு நிமிஷம் ஓட்டி நிப்பாட்டி, மட்டம் பாத்து திரும்ப ஊத்தணும். கூலர் டிஃபை விட மேல இருந்தா நிப்பாட்டினதும் ஒயில் இறங்கி வந்து மட்டம் கூடின மாதிரி காட்டும், அதை தடுக்க ஒரு வழி வால்வ் போடுங்க. முதல் பிராக்டிஸ் முடிஞ்ச உடனே வலை ஃபில்டரையும் காந்தம் வச்ச ட்ரெய்ன் ப்ளக்கையும் கழட்டி பாருங்க, சாம்பல் மாதிரி மெல்லிய பூச்சு இருந்தா பிரச்சினையில்ல, கையில குத்துற துண்டு கிடைச்சா அன்னைக்கு அந்த காரை திரும்ப ட்ரெக்ல இறக்காதீங்க, டிஃபை பிரிச்சு பாருங்க.