நான்கு குரலில் ‘செயின்ட் ஆன்’: குவாயருக்குப் புதியவர்களுக்கான முதல் பாட்டு

நான்கு குரலில், அதாவது சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் அடிக்குரல்) என்று பிரிந்து, பாடிப் பழக்கமே இல்லாத ஒரு பாடகர் குழுவுக்கு எந்தப் பாட்டை முதலில் கொடுப்பது? ‘செயின்ட் ஆன்’ என்ற பழைய ஆங்கிலேய மெட்டைத்தான் நான் எடுப்பேன். ‘ஓ காட், அவர் ஹெல்ப் இன் ஏஜஸ் பாஸ்ட்’ என்று தேவாலயங்களில் பாடுவார்களே, அதே மெட்டு. தாளத்தில் சிக்கலே கிடையாது. வரி முடிவில் நீட்டுவதை விட்டால், ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம், அதுவும் சம அளவில். எண்ணிக்கையில் கவனம் சிதறாது. காதுக்கு மட்டும்தான் வேலை.

மெட்டைப் பற்றிக் கொஞ்சம்: இது 1708-இல் லண்டனில் அச்சான ஒரு சங்கீதத் தொகுப்பில் (பைபிளில் உள்ள துதிப்பாடல்களைச் ‘சங்கீதம்’ என்பார்கள்), 42-ஆம் சங்கீதத்துக்கான மெட்டாக வந்தது. இயற்றியவர் வில்லியம் கிராஃப்ட் என்பதே பொதுவான கருத்து. அவர் சோஹோவில் உள்ள செயின்ட் ஆன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மெட்டின் பெயர் அங்கிருந்து வந்தது. ஐசக் வாட்ஸ் 90-ஆம் சங்கீதத்தைத் தழுவி எழுதிய வரிகள் 1719-இல்தான் வெளிவந்தன. மெட்டும் வரிகளும் பிரியாத ஜோடியானது அதற்கும் வெகு காலம் கழித்து.

படி 1: கேளுங்கள்

லண்டனில் ஒவ்வொரு நவம்பரிலும் போர் நினைவு ஞாயிறன்று செனட்டாஃப் நினைவுச் சின்னத்தின் முன் இதைப் பாடுவார்கள். அந்தப் பதிவைத் தேடிக் கேளுங்கள். வேகத்தை மட்டும் அதிலிருந்து எடுக்க வேண்டாம். திறந்த வெளியில் பெருங்கூட்டம் பாடுவதால் இழுத்துத்தான் வரும். சிறிய அறையில் நிமிடத்துக்கு 80 தட்டு அளவில் போனால் மூச்சு திணறாது.

படி 2: சுருதி

கீபோர்டில் சி-யை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வரியில் வரும் ஒரு ம தவிர, ஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரண ராகத்துடையவை. பெண்குரல்கள் மேலே சிரமப்பட்டால் பி ஃபிளாட்டுக்கு இறக்குங்கள், தவறில்லை.

படி 3: முதல் வரி, மெட்டு மட்டும்

எல்லாரும் சேர்ந்து, சொல் இல்லாமல் ‘லா’ என்று பாட வேண்டும்:

ப – க – த – ப – ச – ச – நி – ச

இதில் வரும் ச எல்லாம் மேல் ச. படியேறுவதுபோல் அடுத்தடுத்த ஸ்வரத்துக்குப் போகாமல், ஆரம்பத்திலேயே தாவித் தாவிப் போகிறது பாருங்கள். க-விலிருந்து த-வுக்குத் தாவும் இடத்தில் பெரும்பாலான குழுக்கள் கொஞ்சம் தாழ்ந்துவிடும். அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் தனியாக எடுத்து, நடுவில் உள்ள ம, ப இரண்டையும் மனதுக்குள் நினைத்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் குழுவில் இருந்தால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கமகம் வேண்டாம். தனிக்குரலுக்கு அழகு சேர்க்கும் அசைவு, நான்கு குரல் சேரும்போது ஸ்வரக் கூட்டைக் கலங்கடித்துவிடும். நேராகப் போய் ஸ்வரத்தில் நில்லுங்கள். அதே ஆட்கள் தம்புராவுக்குப் பாடிப் பழகியவர்கள் என்பதால், சுத்தமாகச் சேர்வதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 4: பேஸ்

பலர் மெட்டு முடிந்ததும் ஆல்டோவைத் தொடங்குவார்கள். நான் அடிக்குரலுக்கு, அதாவது பேஸுக்குப் போவேன். பழகுவதற்கு ஓர் எளிய அடிவரி இதோ. உங்கள் பாட்டுப் புத்தகத்தில் சற்று மாறியிருக்கலாம், பிறகு அதற்கு மாறிக்கொள்ளுங்கள்:

ச – ச – ம – க – த – ம – ப – ச

முதல் ச, கடைசி ச இரண்டும் ஒரே கீழ் ச. ஆண்கள் இதை உறுதியாகப் பாடும்போது பெண்கள் மேலே மெட்டைச் சேர்க்கட்டும். பாதி வேகத்தில், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்று. மூன்றாவது ஸ்வரத்தில் மேலே த, கீழே ம. நான்காவதில் மேலே ப, கீழே க. இரு குரலும் ஒன்றாக ஒரு படி இறங்குவது காதில் விழ வேண்டும். ஏழாவதில் மேலே நி, கீழே ப. அங்கே ஒரு தவிப்பு இருக்கும், எட்டாவதில் ச-வுக்கு வந்ததும் அடங்கிவிடும். இந்த இரண்டு குரலும் நின்றால் பாட்டே நின்ற மாதிரி.

படி 5: ஆல்டோவும் டெனரும்

உள்குரல்களைப் புத்தகத்தில் உள்ளபடியே எடுங்கள். கஷ்டம் தாவலில் இல்லை, தாவாமல் இருப்பதில்தான். மெட்டு மேலே போகும்போது ஆல்டோ ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டிய இடங்கள் வரும். தன்னை அறியாமல் சொப்ரானோவின் பின்னால் போய்விடுவார்கள். அதனால் குழுவிலேயே நல்ல காது உள்ள ஒருவரை ஆல்டோவில் போடுங்கள். ‘மேலே எட்டாதவர்கள் எல்லாம் ஆல்டோ’ என்று பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை.

சேர்க்கும் வரிசை: பேஸும் டெனரும், பிறகு பேஸும் ஆல்டோவும், பிறகு அந்த மூன்றும். மெட்டைக் கடைசியில் சேருங்கள்.

படி 6: இரண்டாம் வரியின் பிரதி மத்யமம்

ப – மேல் ச – ப – த – ம – ப

இங்கே வரும் ம, பிரதி மத்யமம், அதாவது சாதாரண ம-வைவிடச் சற்று உயர்ந்த எஃப் ஷார்ப். ‘டு கம்’ என்று முடியும் இடம். சாதாரண ம-வாக, அதாவது சுத்த மத்யமமாக விழுந்தால் கீழே உள்ள குரல்களோடு உரசும். இந்த ம வரும் கல்யாணி ராகம் எட்டிப் பார்க்கிறதே என்று தோன்றலாம். ஆனால் அந்த இடத்தில் காது ப-வையே புதிய ச-வாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு இந்த ம, நி ஆகிவிடுகிறது. ஆகவே ப-வை நெருங்கி, உயர்த்தியே பாடுங்கள். மூன்றாம், நான்காம் வரிகளையும் 3 முதல் 5 வரையிலான படிகளிலேயே எடுத்துவிடலாம்.

படி 7: சொல்லும் மூச்சும்

யாப்பு 8.6.8.6, அதாவது நான்கு வரிகளில் முறையே 8, 6, 8, 6 அசைகள். முதல் அசை தட்டுக்கு முன்னால் வருவது; ‘ஓ’ லேசாக, ‘காட்’ அழுத்தமாக. ‘பாஸ்ட்’ என்ற சொல்லின் ‘ஸ்ட்’ எல்லார் வாயிலும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், இல்லாவிட்டால் பாம்பு சீறுவதுபோல் இருக்கும். வரி முடிவில் எல்லாரும் சேர்ந்தே மூச்சு எடுங்கள்.

வாட்ஸ் எழுதியது 9 சரணங்கள். இன்று பெரும்பாலும் 6 பாடுவார்கள். ஆறையும் நான்கு குரலில் பாட வேண்டியதில்லை. ஆங்கிலேயத் தேவாலயங்களில் கடைசிச் சரணத்தை எல்லாரும் மெட்டிலேயே பாட, ஆர்கன் மட்டும் ஸ்வரக் கூட்டை மாற்றி வாசிக்கும் வழக்கம் உண்டு. புதிய குழுவுக்கு அது கைகொடுக்கும்: முதல் சரணம் ஒரே குரல், நடுவில் நான்கு குரல், கடைசி மறுபடி ஒரே குரல். நடுச் சரணம் ஒன்றைக் கீபோர்டை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். முடித்ததும் ச-வை அழுத்திப் பார்த்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.