மூன்று சென்ட் கணக்கு

கடலூரில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் கட்டட அனுமதி கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் வாங்கி அனுப்பும் ஃபைல்கள் அடிக்கடி திரும்பி வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: பரப்பளவு பொருந்தவில்லை.

தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, மூணாவது தடவையா அலையறேன். என்ன கொறைன்னு ஒரேயடியா சொல்லிடுப்பா." மஞ்சப் பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பத்திரம். கேட்கவே மனசு கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டுக்குப் போகாமல் தாள்களை மேசையில் பரப்பினேன்.

பத்திரத்தில் 3 சென்ட். 1,307 சதுர அடி. பட்டாவில் 1.21 ஏர்ஸ், அதாவது 121 சதுர மீட்டர். 1,302 சதுர அடி. கட்டட வரைபடத்தில் மனை 30 அடிக்கு 44 அடி, 1,320 சதுர அடி. அவர் மேல் தப்பே இல்லை. வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும்.

"இருக்கறதுலயே கம்மியானதை வெச்சு வரையச் சொல்லு" என்றார் பக்கத்து சீட் அக்கா.

அன்றே ஓர் அட்டையில் எழுதிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்: 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர்ஸ் 100 சதுர மீட்டர். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. இப்போது யார் வந்தாலும் பத்திரம், பட்டா, வரைபடம் மூன்றின் அளவையும் அவர்கள் எதிரிலேயே பென்சிலால் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். புலப்படம் எனும் நில அளவை வரைபடத்தின் நகலில் மனையின் பக்க அளவுகளையும் சரிபார்ப்பேன். பத்து நிமிஷம் கூடுதல், வரிசை நீளும், பரவாயில்லை.

பெரியவர் 1,302க்கு வரைந்து கொண்டுவந்தார். அந்த ஃபைல் திரும்பவில்லை.