சூப்பர் 8 சவுண்டு புரொஜெக்டர் வாங்குமுன் அடியிலுள்ள தகட்டைப் படியுங்கள்

நியூஜெர்சியில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது 8 மி.மீ. அகல ஃபிலிமில் இருக்கும் படத்தைச் சத்தத்தோடு திரையில் காட்டும் பழைய மெஷினான ஒரு சூப்பர் 8 சவுண்டு புரொஜெக்டரைத் துணிமணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தார். யாரோ வீட்டைக் காலி செய்தபோது மலிவாகக் கிடைத்ததாம். கோயம்புத்தூரில் 230 வோல்ட்டை 110 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் செருகி ஓட்டினேன். படம் வந்தது, சத்தமும் வந்தது. ஆனால் கீச்சுக்குரலில் பேசவேண்டிய கார்ட்டூன் எலி, தொண்டை கட்டிய தாத்தா மாதிரி இழுத்து இழுத்துப் பேசியது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

ரீல் மாட்டுவது, ஃபோகஸ் திருகுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

1. முதலில் ஃபிலிம், அப்புறம்தான் மெஷின்

ஃபிலிமில் துளை இல்லாத பக்கத்து ஓரத்தைப் பாருங்கள். துருநிறத்தில் மெல்லிய கோடு ஓடினால் அது காந்தப்பூச்சு. சத்தம் அதில்தான் இருக்கிறது. கோடு இல்லையென்றால் பெரும்பாலும் ஊமைப்படம். அதற்காகச் சவுண்டு மெஷின் தேடிக் காசை வீணாக்காதீர்கள். துளை பெரிதாக, இரண்டு படக் கட்டங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) நடுவில் இருந்தால் அது பழைய 8 மி.மீ.; 1965இல் வந்த சூப்பர் 8 அல்ல. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஃபிலிம் செய்யப்பட்டிருக்கும் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது, பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலையும் கெடுக்கும்.

வீட்டில் பார்க்க விற்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் 200 அடி, 400 அடி ரீல்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் 10 நிமிடம், 20 நிமிடம் ஓடும். அதனால் 600 அடி ரீல் ஏற்கும் மெஷின் தாராளமாகப் போதும். 1200 அடி ஏற்கும் எல்மோ எஸ்டி-1200 மீது எனக்கும் ஆசைதான். முதல் மெஷினாக அதை வாங்கச் சொல்லமாட்டேன். ஸ்டீரியோவும் வேண்டாம்.

2. தகடு

நான் விழுந்த குழி இதுதான். மெஷினின் அடியிலோ பின்னாலோ ஒரு தகடு இருக்கும். எல்லோரும் வோல்ட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் ஹெர்ட்ஸையும் பாருங்கள். மின்சாரம் விநாடிக்கு எத்தனை சுற்று அடிக்கிறது என்ற கணக்கு அது. அமெரிக்காவில் 60, நம் ஊரில் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஏசி மோட்டார் ஹெர்ட்ஸுக்குத் தகுந்தபடிதான் சுற்றும். ஆக, 24 ஃபிரேம் ஓடவேண்டிய மெஷின் இங்கே 20தான் ஓடும். எலி தாத்தாவானது அப்படித்தான்.

சோதிப்பது சுலபம். சூப்பர் 8இல் அடிக்கு 72 ஃபிரேம். வேண்டாத ஃபிலிமில் பத்தடி அளந்து இரண்டு முனையிலும் மார்க்கரால் கோடு போட்டு, 24இல் வைத்து ஓட்டி நேரம் பாருங்கள். 30 விநாடி வரவேண்டும். எனக்கு 36 வந்தது.

சில மெஷின்களில் மோட்டார் புல்லியில் இரண்டு படி இருக்கும். பெல்ட்டை அடுத்த படிக்கு மாற்றினால் வேலை முடிந்தது. டிசி மோட்டார் என்றால் இந்தக் கவலையே இல்லை. என்னுடையதில் ஒரே படி. பழைய புல்லியைக் கழற்றிக் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெல்ட் உட்காரும் இடத்தில் விட்டம் 10 மி.மீ. இருந்தது, 12 ஆக்கி அலுமினியத்தில் கடைந்து தரச் சொன்னேன். பம்புசெட் வேலைக்கு நடுவில் பத்து நிமிடத்தில் கடைந்துவிட்டு, “இது எந்த மோட்டாருக்குண்ணா?” என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டினேன், 30 விநாடி! மோட்டார் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகிறது. ரீலுக்கு ரீல் ஆறவிடுகிறேன்.

இப்போது வாங்குவதாக இருந்தால் அமெரிக்கா பக்கமே போகமாட்டேன். பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ இருக்கும் சொந்தக்காரரைப் பிடிப்பேன். அங்கேயும் 50தான். ஆஸ்திரியாவின் யூமிக் மெஷின்கள் அங்கே நிறைய உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

3. வீடியோ காலில் என்ன கேட்பது

மெஷினை வைத்திருப்பவரை வீடியோ காலில் பிடித்து, விளக்கு எரிகிறதா, மோட்டார் முன்னும் பின்னும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். “ஃபிலிம் இல்லையே” என்பார்கள். பாட்டு இருக்கும் பழைய ஆடியோ கேசட்டிலிருந்து ஒரு சாண் டேப்பை வெட்டி, வால்யூமைக் கூட்டி, காந்தக்கோட்டிலிருந்து சத்தத்தைப் படிக்கும் சவுண்டு ஹெட்டின் மேல் கையால் இழுக்கச் சொல்லுங்கள். கொர கொரவென்று ஏதாவது கேட்டால் ஹெட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் உயிர் இருக்கிறது.

4. பெல்ட்டும் விளக்கும்

இத்தனை வருடத்தில் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும். சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நூலைச் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றே சிறிய பெல்ட் வாங்குங்கள். விளக்கு 12 வோல்ட் 100 வாட், இஎஃப்பி (EFP) வகை என்றால் கவலையில்லை, இன்றும் கிடைக்கிறது. அதை விரலால் தொடாதீர்கள்.

5. முதல் ஓட்டம்

ஹெட்டைப் பஞ்சுக்குச்சியால் துடைத்த பிறகு, நல்ல படத்தை அல்ல, வேண்டாத கறுப்பு ஃபிலிமை ஓட்டுங்கள். வெள்ளைக்கோடு விழுந்தால் உள்ளே எங்கோ கீறுகிறது. சத்தம் இருக்கிறது, உதடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், கேட், அதாவது விளக்குக்கு முன்னால் ஃபிலிம் நின்று நகரும் இடம், அதற்குக் கீழே ஃபிலிம் விட்டிருக்கும் வளைவைப் பாருங்கள். சத்தம் படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் அந்தக் கணக்கு தவறிவிடும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ரெக்கார்டு சுவிட்சின் உள்ளே களிம்பு ஏறியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் தள்ளுங்கள் என்றேன். சத்தம் வந்துவிட்டது. ஆனால் படம் ஓடும்போது அதே சுவிட்சில் கை பட்டு, அவருடைய 200 அடி ரீலில் முதல் அரை நிமிடச் சத்தம் அழிந்துபோனது. ஆமாம், இந்த மெஷின்களில் பல சத்தத்தைப் பதிவும் செய்யும். நான் அந்தச் சுவிட்ச் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்திருக்கிறேன்.