வளவில் நெருப்புக் கிடங்கு: புகை நின்ற விதம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவின் பின்பக்கம் மீன் சுட, பின்னேரம் இருந்து கதைக்க என்று ஒரு நெருப்புக் கிடங்கு வெட்டினோம். மூட்டினால் தழல் பிடிக்காது, வெறும் புகைதான், அதுவும் நேரே பக்கத்து வளவுக்குள். முறைப்பாடு வந்துவிட்டது.

அனுமதி எடுத்தால் சரி என்று கிராம சேவகரிடம் போனேன், அவர் உள்ளூராட்சி அலுவலகத்துக்கு அனுப்ப, அங்கே அப்படி ஒரு படிவமே இல்லையாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் (பிஎச்ஐ) விளக்கினார்: பிளாஸ்டிக், குப்பை எதையும் திறந்தவெளியில் எரிப்பதை 2017 வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் தடை செய்கிறது, அதனால் சருகு கூட்டி அதற்குள் போடக்கூடாது. வெறும் விறகு என்றாலும் புகை தொல்லையானால் அயலவர் நீதவான் நீதிமன்றம் வரை போகலாம்.

விறகை மாற்றினேன், பயனில்லை. அப்புறம் கிடங்கின் அடியைக் கிளறினால் மணல் ஈரம்! வாவிக்கரை நிலம், மேலே காய்ந்து கிடந்தாலும் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அந்த ஈரம்தான் நெருப்பை எரியவிடாமல் புகைய வைத்திருக்கிறது.

கிடங்கை மூடிவிட்டு, பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயின் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, கல் அடுக்கி மேலே வைத்தேன். சிரட்டைக்கரி மட்டும். மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று வீசும் நாளில் மூட்டுவதில்லை. முறைப்பாடு நின்றது. பெயின்ட் அடித்த பீப்பாய் மட்டும் வாங்காதீர்கள், சூடேறினால் அந்த நாற்றத்துக்கே தனி வழக்கு வரும்.