ஒரே முகவரியில் இரண்டு ரவுட்டர்கள்: என் அனுபவம்

தலவாக்கலைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில் முன் ஜன்னலோரம் மட்டுமே சமிக்ஞை நன்றாகக் கிடைப்பதால், 4ஜி ரவுட்டரை அங்கே வைத்திருக்கிறோம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் அக்கா மகளுக்குப் பின்னறையிலும் இணையம் வேண்டும் என்பதற்காக, பழைய ரவுட்டர் ஒன்றைக் கேபிளால் அதனுடன் இணைத்தேன். அன்றிலிருந்து வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டினாலும் பக்கங்கள் திறக்கவில்லை. சில வேளைகளில் திறந்து, சற்று நேரத்தில் நின்றுவிடும். பிள்ளையின் பாடங்கள் தடைப்பட்டது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

மழைதான் காரணம் என்று முதலில் எண்ணினேன். ஆனால், கேபிளைக் கழற்றியதும், அதே மழையில் முன்னறை இணைப்பு சீராக இயங்கியது. மடிக்கணினியில் பார்த்தபோது, இரண்டு ரவுட்டர்களுமே 192.168.1.1 என்ற ஒரே வலையமைப்பு முகவரியைக் கொண்டிருந்ததோடு, இரண்டுமே டிஎச்சிபி (DHCP) என்ற தானியங்கி வசதி மூலம் கருவிகளுக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. இதனால் சில கருவிகள், வெளியே செல்ல வழியில்லாத பழைய ரவுட்டரையே இணையத்துக்குச் செல்லும் வாயிலாகக் கொண்டன.

கேபிளைக் கழற்றிய நிலையிலேயே பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என மாற்றி, அதன் பிறகே அதன் டிஎச்சிபியை நிறுத்தினேன். முதல் ரவுட்டர் முகவரியின் கடைசிப் பகுதியில் 100 முதலான எண்களையே வழங்கியதால் மோதல் இல்லை. பின்னர் கேபிளை, இணையம் உள்ளே வரும் வான் (WAN) துளையில் அல்லாமல், இரு பக்கமும் வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) துளைகளிலேயே செருகினேன். கருவிகளின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டதும் புதிய முகவரி கிடைத்து, பின்னறையிலும் இணையம் வந்தது.