பூங்காவில் தண்ணீர் விளையாட்டு: வட சென்னையில் எங்கே தவறுகிறோம்

ஃபவுண்டன் கட்டிய கான்ட்ராக்டரை வைத்தே பிள்ளைகள் நனைந்து விளையாடும் இடத்தையும் கட்டிவிடலாம் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. ஃபவுண்டனை நாம் தள்ளி நின்று பார்க்கிறோம். இங்கே தரையிலிருந்து பீறிடும் தண்ணீருக்குப் பிள்ளை முகத்தைக் காட்டும், வாயைத் திறந்து பிடிக்கும், அதன் மேலேயே உட்காரும். சிறுநீரும் போகும், மூன்று வயசுப் பிள்ளையிடம் அதைக் கேட்டு நிறுத்த முடியாது.

ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கத்திலும் பெற்றோர் இப்படி ஒரு இடம் கேட்பது நியாயம்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் கரையில் பல இடங்களில் பாறாங்கல் கொட்டியிருக்கிறது. பிள்ளையை இறக்கி நனைய விட இடமில்லை. கத்திரியில் வீட்டுக்குள்ளும் இருக்க முடியாது. கேட்கிற ஆசையில் தப்பில்லை. கட்டுகிற விதத்தில்தான் தப்பு.

எந்தத் தண்ணீர் என்பதைக் கடைசியில் யோசிப்பது முதல் தவறு. பூங்காவில் ஏற்கெனவே போர் (ஆழ்குழாய்க் கிணறு) இருக்கும், செடிக்கு ஊற்றுவார்கள், அதையே இழுத்துவிடுவார்கள். கடலோரப் போர் தண்ணீரில் உப்பு இருக்கும், பல இடங்களில் இரும்பும் இருக்கும். காலையில் பக்கெட்டில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர் சாயங்காலம் செம்மண் நிறத்துக்கு வந்தால் அது இரும்பு. உப்பு வேறு மாதிரி வேலை செய்யும்: தண்ணீர் பீறிடும் குழாய் முனையான நாசிலின் வாயில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டும், நாளாக நாளாக ஓட்டை சுருங்கும், நேராக எழ வேண்டிய தண்ணீர் பக்கவாட்டில் சீறிப் பிள்ளையின் கண்ணில் அடிக்கும். அப்போது யாராவது ஆணியை வைத்துக் குத்துவார்கள். ஓட்டை கோணலாகி, அந்த நாசில் அதோடு போச்சு. நிலத்தடி நீர் பற்றி இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: 2013இல் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரில் டீசல் கலந்தது. லேபில் கொடுத்துச் சோதிக்காத போர் தண்ணீரைப் பிள்ளைகள் மேல் தெளிக்கவே கூடாது.

மெட்ரோ வாட்டர் லைன் என்றால் கவலை இல்லை என்பதும் சரியில்லை. தண்ணீர் விட்டுவிட்டு வரும் ஊரில், சப்ளை நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறையும். பக்கத்தில் சாக்கடைக் குழாய் கசிந்தால் அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பழைய குழாய் உள்ள தெருக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திறந்தவுடன் வரும் முதல் தண்ணீரைத் தொட்டியில் விடாமல் வெளியே விட ஒரு வால்வு இருக்க வேண்டும். கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறதே, அதைப் பூங்காவுக்கும் தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. புல்லுக்குத் தரலாம், பிள்ளைகள் நனைய வேண்டாம்.

அடுத்தது அளவு. ஒரு நாசில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாசில், நாளுக்கு நாலு மணி நேரம்: 36,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் நாலு லோடு, அதுவும் ஒரே நாளைக்கு. அந்தத் தண்ணீரை அப்படியே வடிகாலில் விடும் பூங்காவுக்கு எதிரே குடத்தோடு வரிசையில் நிற்கும் தெரு இருந்தால், அந்த மோட்டார் எத்தனை நாள் ஓடும் என்று நீங்களே சொல்லலாம். பிள்ளை அழுத்தினால் இரண்டு நிமிடம் ஓடி நிற்கும் பட்டன் வைத்தாலே செலவு பெரிதாகக் குறையும். ஆள் இல்லாத மத்தியானத்தில் தானாக ஆடிக்கொண்டிருக்கும் தண்ணீர் யாருக்காக?

சரி, அதே தண்ணீரைச் சம்பில் (தரைக்கடித் தொட்டியில்) பிடித்துத் திரும்ப ஏற்றிவிடலாம் என்பார்கள். கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். நீச்சல் குளத்தில் லட்சக்கணக்கான லிட்டர் இருக்கும்; இந்தச் சம்பில் சில ஆயிரம் லிட்டர்தான். அதிலே ஐம்பது பிள்ளைகள் நனைந்தால் அழுக்கின் அளவு குளத்தைவிடப் பல மடங்கு. போதாததற்குத் தண்ணீர் துளித்துளியாகச் சிதறி வெயிலில் காய்வதால் குளோரின் வேகமாகப் போய்விடும். அமெரிக்காவில் 1997 முதல் 2022 வரை இத்தகைய விளையாட்டு இடங்களில் 60 முறை நோய் பரவி, 10,611 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் தொகுத்திருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி. சரியான அளவு குளோரினிலும் அது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அதற்குப் புற ஊதா விளக்கு வேண்டும். 2021இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் ஒரு குழந்தை மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தது; நனைந்து விளையாடிய இடத்தில் தினசரி குளோரின் சோதனை ஒழுங்காக நடக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. பணமும் கருவியும் உள்ள ஊரிலேயே நிலைமை இது.

நம் பக்கம் வாட்ச்மேன் கையில் ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கும், கைப்பிடி அளவுதான் கணக்கு. புதிதாக இருக்கும்போது அந்தப் பவுடரில் முப்பது சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். கடற்காற்றில் வாயைத் திறந்து வைத்த மூட்டையில் மாதா மாதம் குறைந்துகொண்டே வரும். போதாக்குறைக்கு அதில் சுண்ணாம்பு இருப்பதால், உப்புத் தண்ணீரில் நாசில் இன்னும் சீக்கிரம் அடைக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது குளோரின் எப்போதும் மிச்சம் நிற்க வேண்டும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் குளோரின் போட்டும் பலன் குறைவு. சோதிக்கும் பட்டை விலை அதிகமில்லை. தினம் திறக்கும் முன்பும் இடையிலும் பார்த்து, எண்ணை ஒரு போர்டில் எழுதி வாசலில் மாட்டச் சொல்லுங்கள். அம்மாக்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் வாட்ச்மேன் மறக்க மாட்டார். பக்கத்திலேயே கழிப்பறையும், நனைவதற்கு முன் கழுவிக்கொள்ள ஒரு குழாயும் இல்லையென்றால் எவ்வளவு குளோரின் போட்டும் பயனில்லை.

தரையில் பளபளக்கும் டைல்ஸ், பாலிஷ் கிரானைட் எதுவும் வேண்டாம். துடைப்பத்தால் கோடிழுத்த சிமென்ட் தரையே போதும், தண்ணீர் தேங்காதபடி சரிவு கொடுத்து. கறுப்பு ரப்பர் தரை மே மாத மத்தியானத்தில் வெறுங்காலைச் சுட்டுவிடும். எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் படிகிறது. அங்கே காலையில் தரையைக் கழுவிய தண்ணீர் சம்புக்குப் போகாமல் வெளியே போக வேண்டும்.

கடலோரத்தில் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் ஒன்றிரண்டு மழைக்குள் உரியத் தொடங்கும், பிறகு துரு முனை பிள்ளையின் கையைக் கிழிக்கும். சில்வர் என்று சொல்லி 304 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவார்கள். உப்புக் காற்றுக்கு 316 ரகம் வேண்டும், எஸ்டிமேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். கரன்ட் விஷயத்தில் பேரமே கிடையாது: நனையும் இடத்தில் 12 வோல்ட் விளக்கு மட்டும், மோட்டார் வேலிக்கு வெளியே, 30 மில்லிஆம்பியர் கரன்ட் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், ஒழுங்கான எர்த்.

சம்பின் மூடியைத் தரை மட்டத்தில் வைப்பது நம் ஊருக்கே உரிய தவறு. வடகிழக்குப் பருவமழையில் தெருத் தண்ணீர் முழுக்க உள்ளே போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலி பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததைப் பார்த்தோமே. மூடி உயரமாக, பூட்டோடு இருக்கட்டும். பிள்ளை உள்ளே விழாமல் இருக்கவும் அதுவே வழி. அக்டோபரில் சம்பைக் காலி செய்து மூடிவிடுங்கள். மற்ற மாதங்களில் வாரம் ஒரு நாள் எல்லாக் குழிகளையும் வற்றவிட்டால் டெங்கு கொசுப் புழு கொசுவாகும் முன்பே செத்துவிடும்.

இவ்வளவும் பார்க்க ஆளும் பணமும் இல்லாத சின்னப் பூங்காவுக்கு என் யோசனை ஒன்று: நாசிலே வேண்டாம். ஒரு அடிபம்பு வையுங்கள். வாசலில் அடிபம்பு பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் குறைவு. மெட்ரோ வாட்டர் நிரப்பிய மூடிய டேங்கிலிருந்து அது இழுக்கட்டும். ஒரு பிள்ளை அடிக்க, தண்ணீர் இடுப்பு உயர சிமென்ட் வாய்க்காலில் ஓட, இன்னொரு பிள்ளை பலகையால் அணை கட்ட, மிச்சம் நேராகப் பூவரசு மரத்துக்குப் போய்விடும். மோட்டார் இல்லை, சம்பு இல்லை, அடிக்கிற அளவுக்குத்தான் செலவு. வாய்க்கால் கடைசியில் குட்டை மாதிரி தேக்கிவிட வேண்டாம். சாண் ஆழத் தண்ணீரிலும் தவழும் குழந்தை மூழ்கும்.

எது கட்டினாலும், பூங்கா வேலிக்கு வெளியே தெருவுக்கென்று ஒரு குழாயை அதே எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். இல்லையென்றால் லாரி வராத அன்றைக்கு வாய்க்காலில் குடங்கள் வரிசையாக நிற்கும், பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள். யாரையும் விரட்டவும் முடியாது.