மரபியலில் தடுக்கி விழும் இடங்கள்

ஒவ்வொரு மரபணுவும் நமக்குப் பொதுவாகத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு நகல்களாக வருகிறது. ஒரு நகல் இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு, இரண்டு நகல்களும் அதேயாக இருந்தால் மட்டும் தெரிவது ஒடுங்கு பண்பு. ஓங்கு பண்பு வலிமையானது, ஒடுங்கு பண்பு பலவீனமானது, காலப்போக்கில் முதலாவது இரண்டாவதை ஒழித்துவிடும் என்ற எண்ணம் மரபியல் படிக்கத் தொடங்கும் பலரிடமும் இருக்கிறது. இதற்கு மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளே ஓங்குக்குப் பெரிய எழுத்து, ஒடுங்குக்குச் சிறிய எழுத்து, பெற்றோரின் நகல்கள் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் கட்டம், 3:1 விகிதம் என்று பாடம் ஓடிவிடுகிறது. அந்த எழுத்து குறிக்கும் மரபணு உடலில் என்ன வேலை செய்கிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை. கேட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலின் பட்டாணியையே எடுத்துக்கொள்வோம். 1866-இல் வெளியான கட்டுரையில் அவர் தரும் கணக்குப்படி, உருண்டை விதை வகையையும் சுருங்கிய விதை வகையையும் கலந்ததில் இரண்டாம் தலைமுறையில் கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை. ஏன் சில விதைகள் மட்டும் சுருங்குகின்றன? இதற்கு மூலக்கூறு அளவிலான விடை 1990-இல்தான் கிடைத்தது. ஸ்டார்ச்சில் கிளைகளை உண்டாக்கும் நொதி (வேதி மாற்றத்தை நடத்தும் புரதம்) ஒன்று உண்டு. அந்த நொதிக்கான மரபணுவுக்குள் சுமார் 800 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் நொதி வேலை செய்வதில்லை. சர்க்கரை ஸ்டார்ச்சாக மாறாமல் தேங்குகிறது. சர்க்கரை மிகுந்த விதை தண்ணீரை அதிகமாக இழுத்து உப்புகிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் வெளியேற, விதையின் தோல் மடிந்து சுருங்குகிறது.

இப்போது ஒரு நல்ல நகலும் ஒரு பழுதான நகலும் கொண்ட விதையை நினைத்துப் பாருங்கள். ஒற்றை நல்ல நகல் தரும் நொதியே விதை உருண்டையாக இருப்பதற்குப் போதும். ஓங்கு தன்மை என்பது இவ்வளவுதான். பழுதான நகலை யாரும் அடக்கவில்லை, அழிக்கவில்லை. அது அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இன்னும் ஒரு படி நெருங்கி, அதே உருண்டை விதையை நுண்ணோக்கியில் வைத்தால், ஸ்டார்ச் மணிகள் இரண்டு வகைக்கும் இடைப்பட்ட வடிவத்தில் தெரியும். கண்ணுக்கு ஓங்கு தன்மையாகத் தெரிவது நுண்ணோக்கியில் இடைநிலையாகிவிடுகிறது.

ஓங்கு பண்புதான் மக்களிடம் அதிகம் காணப்படும் என்பதும் இதன் தொடர்ச்சியான தவறு. மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு முறையில் கடத்தப்படுகிறது. ஆனால் அது அரிய நோய். 'ஓ' இரத்த வகை ஒடுங்கு பண்பு. உலகின் பல மக்களிடையே அதுதான் மிகுதி.

நான்கில் ஒன்று என்ற கணக்கு

சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாள் செல் இரத்தசோகைக்குக் காரணமான மரபணுவின் ஒரு நகலைத் தாயும் ஒரு நகலைத் தந்தையும் சுமந்தால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். இதைக் கேட்டவுடன் பலரும் செய்யும் கணக்கு ஆபத்தானது: "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை." ஒவ்வொரு கருத்தரிப்பும் புதியது. முந்தைய குழந்தைக்கு என்ன நடந்தது என்பது அடுத்த கருமுட்டைக்குத் தெரியாது. அத்தகைய பெற்றோருக்கு நான்கு குழந்தைகள் பிறந்தால், சரியாக ஒரு குழந்தைக்கு மட்டும் நோய் இருக்கும் வாய்ப்பு 42 சதவீதம்தான். ஒருவருக்குமே இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம். மெண்டலுக்கு 3:1 அழகாக வந்தது ஆயிரக்கணக்கில் எண்ணியதால். ஒரு குடும்பத்தில் அதைத் தேடக் கூடாது.

இதில் இன்னொரு நுட்பமான இடறல் இருக்கிறது. நோயுள்ள குழந்தையின் அண்ணன் ஆரோக்கியமாக இருக்கிறான். அவன் அந்த மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு என்ன? பெரும்பாலோர் பாதி என்பார்கள். சரியான விடை மூன்றில் இரண்டு. கட்டத்தில் உள்ள நான்கு சாத்தியங்களில் நோயுள்ள கட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மீதி மூன்று; அவற்றில் இரண்டு, மரபணுவைச் சுமப்பவை. திருமணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு வருபவருக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு வரி: கட்டத்தின் ஓரத்தில் எழுதுவது இனச்செல், அதாவது விந்தணு அல்லது கருமுட்டை. அதில் ஒரு மரபணுவுக்கு ஓர் அல்லீல் (அந்த மரபணுவின் ஒரு வடிவம்) மட்டுமே இருக்கும்.

குடும்பத்துக்குள் புகும் தவறுகள்

பெண் குழந்தை பிறந்ததற்குத் தாயைக் குறை சொல்வது அறிவியல்படி முற்றிலும் பொய். கருமுட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது. விந்தணுவில் இருப்பது எக்ஸா, ஒய்யா என்பதைப் பொறுத்தே குழந்தையின் பாலினம் அமைகிறது. தந்தையும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவதில் பயனில்லை. இதே கோட்டில் போனால், சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ள தந்தையிடமிருந்து அது மகனுக்கு வராது என்பதும் விளங்கும். அந்த மரபணு எக்ஸில் இருக்கிறது. மகனுக்குத் தந்தை தருவது ஒய்.

இரத்த வகையை வைத்துச் சந்தேகப்படுவது இன்னும் கொடுமையானது. 'ஏ' வகைத் தந்தைக்கும் 'பி' வகைத் தாய்க்கும் 'ஓ' வகைக் குழந்தை பிறந்தால் அதில் ஒரு விந்தையும் இல்லை. சிவப்பணுவின் மேற்பரப்பில் எச் என்ற அடிப்படைப் பொருள் இருக்கிறது. 'ஏ' மரபணு தரும் நொதி அதன்மேல் ஒரு வகைச் சர்க்கரையைச் சேர்க்கிறது. 'பி' மரபணு தரும் நொதி வேறொரு வகைச் சர்க்கரையைச் சேர்க்கிறது. 'ஓ' அல்லீல் தரும் நொதி வேலை செய்யாது. பட்டாணியில் பார்த்த அதே கதை: பெற்றோர் இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒரு வேலை செய்யாத நகல் இருந்தால் போதும். இரண்டு நொதிகளும் வேலை செய்தால் 'ஏபி'.

அந்த எச் பொருளே இல்லாதவர்களும் உண்டு. 1952-இல் விவரிக்கப்பட்ட இதற்குப் பம்பாய் இரத்த வகை என்று பெயர். 'ஏ' மரபணு இருந்தாலும் சர்க்கரையைச் சேர்க்க அடித்தளம் இல்லாததால், சாதாரணப் பரிசோதனை இவர்களை 'ஓ' என்றே காட்டும். இவர்களுக்கு 'ஏ' வகைக் குழந்தை பிறக்கலாம். இரத்த வகையை மட்டும் வைத்து யார் மீதும் பழி சுமத்தாதீர்கள்.

மரபணுவில் இருந்தால் தலைவிதி, மாற்றவே முடியாது என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். ஃபீனைல்கீட்டோனூரியா நோயில், ஃபீனைல் அலனைன் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் கல்லீரல் நொதி வேலை செய்வதில்லை. கவனிக்காமல் விட்டால் மூளை கடுமையாகப் பாதிக்கப்படும். பிறந்த சில நாட்களில் கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைந்த உணவைக் கொடுத்து வளர்த்தால் அந்தப் பாதிப்பைப் பெருமளவு தடுக்கலாம். மரபணு மாறவில்லை, விளைவு மாறிவிட்டது. அதுபோல "உயரத்துக்கான மரபணு" என்று ஒன்றைத் தேடுவதும் வீண். சுமார் 54 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புள்ள ஏறத்தாழ 12,000 டி.என்.ஏ. வேறுபாடுகளைக் கண்டறிந்தது. அதற்குமேல் ஊட்டச்சத்தும் இருக்கிறது.

டி.என்.ஏ. பரிசோதனை சொன்னால் முடிந்ததா?

முழு டி.என்.ஏ.வையும் படித்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 300 கோடி கார இணைகள் உள்ளன. குற்றவியல் ஆய்வகம் பார்ப்பது, சிறு தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் ஏறத்தாழ இருபது இடங்களைத்தான். ஒவ்வோர் இடத்திலும் தொடர் எத்தனை முறை வருகிறது என்பதே அடையாளம். ஆளைப் பிரித்தறிய இது போதும். ஆனால் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களை இந்த முறையால் பிரிக்க முடியாது.

அதைவிடப் பெரிய தவறு, டி.என்.ஏ. கிடைத்த இடத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவுகட்டுவது. ஆய்வகம் மாதிரியைப் பெருக்கப் பயன்படுத்தும் பி.சி.ஆர். முறை ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்குகிறது, கணக்குப்படி 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். அது குற்றவாளியுடையதா, தவறி விழுந்ததா என்று அந்த முறைக்குத் தெரியாது. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007-இல் ஒரு காவலர் கொல்லப்பட்டபோது கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., பல ஆண்டுகளாக ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குற்ற இடங்களிலும் கிடைத்துவந்தது. காவல்துறை அந்த ஒற்றைப் பெண்ணைத் தேடி அலைந்தது. 2009-இல் உண்மை தெரிந்தது: மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளிலேயே அந்த டி.என்.ஏ. இருந்தது, அது அவற்றைத் தயாரிப்பதில் ஈடுபட்ட ஒரு தொழிலாளியுடையது. குச்சிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டவைதாம். கிருமியைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை அகற்றுவது வேறு.

மரபணுவில் மாற்றம் செய்யப் பயன்படும் கிரிஸ்பர் என்ற கருவி பற்றியும் ஒரு திருத்தம் தேவை. பழுதான எழுத்தை அழித்துச் சரியானதை எழுதும் கருவியாகவே அது பேசப்படுகிறது. அடிப்படையில் அது குறித்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டுகிறது, ஒட்டுவது செல்லின் வேலை, அது எப்போதும் நாம் விரும்பியபடி நடக்காது. 2023-இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற, கிரிஸ்பர் கொண்டு செய்யும் அரிவாள் செல் சிகிச்சை பழுதான ஹீமோகுளோபின் மரபணுவைத் தொடுவதே இல்லை. நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்களை) வெளியே எடுத்து, கருவில் இருக்கும்போது உருவாகும் ஹீமோகுளோபினை அணைத்துவைக்கும் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டுகிறார்கள். பிறந்தபின் நின்றுபோன அந்த ஹீமோகுளோபின் மீண்டும் உற்பத்தியாகிறது. பழுதானதன் பாதிப்பு குறைகிறது. இந்தச் சிகிச்சை பெற்றவர், இனித் தன் குழந்தைகளுக்கு அந்த மரபணு போகாது என்று எண்ணிவிடக் கூடாது. மாற்றம் இரத்தக் குருத்தணுக்களில் மட்டுமே. விந்தணுவும் கருமுட்டையும் முன்பு இருந்தபடியேதான் இருக்கின்றன.